தயிர் அங்கிளின் பாக்டீரியா

மலேசியாவில், கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே வாடிக்கையாளரை விரட்டுவதற்காகக் கடை போட்டவர் ஒருவர்தான். பிரிக்ஃபீல்ட்ஸில் நான் வாடகைக்கு இருந்த அடுக்குமாடிக்குக் கீழே தினமும் காலை ஏழு மணிக்கு வேனை நிறுத்துவார். பெயர் யாருக்கும் தெரியாது. தயிர் அங்கிள், அவ்வளவுதான்.

ஜெஞ்சாரோமில் மாடு வளர்த்தார். அங்கிருந்து வரும் வழியெல்லாம் ரேடியோ போடமாட்டார், தயிர் கலங்கிவிடுமாம். முன்சீட்டில் தயிர் வாளிக்கு சீட் பெல்ட் போட்டிருக்கும். அவர் போட்டு நான் பார்த்ததில்லை. தயிர் கேட்டால் முதலில் முகத்தை உற்றுப் பார்ப்பார்.

"நேத்து என்ன சாப்பிட்ட?"

"மீ கோரேங், அங்கிள்."

"எண்ணெயில பெரட்டுன நூடுல்ஸ் போன வயித்துல என் தயிர ஊத்தவா? போ லா. நாளைக்கு வா."

சீனி போட்டுச் சாப்பிடுவதாக உளறிய ஓர் ஆன்டியை ஒரு மாதம் தள்ளி வைத்திருந்தார்.

இவரிடம்தான் என் பட்டப்படிப்பு மாட்டிக்கொண்டது. சுபாங் ஜெயாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல், கடைசி வருடம். தயிரில் உள்ள பாக்டீரியா வயிற்று அமிலத்தையும் பித்தத்தையும் தாண்டிக் குடலுக்கு உயிரோடு போய்ச் சேருமா? சேர்ந்தால்தான் குடலுக்கு நன்மை. அப்படி ஒரு வகையையாவது நான் கண்டுபிடித்துக் காட்ட வேண்டும். ஆய்வுக்கு எடுப்பது அங்கிளின் தயிர் என்று எழுதிக் கொடுத்து விரிவுரையாளரின் கையெழுத்தும் ஆகிவிட்டது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். கிள்ளானில் லோரி ஓட்டும் அப்பா, "தயிர் திங்கவா யூனிவர்சிட்டி போற?" என்று ஒரே முறை கேட்டார். பிறகு மகன் டாக்டருக்குப் படிக்கிறான் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். தோற்கக்கூட வழியில்லை.

முதல் மாதிரியை ஆய்வகத் தட்டில் வளர்த்துப் பார்த்தேன். தட்டு நிறைய உயிர்கள். மறுநாள் வேனுக்கே ஓடினேன். வரிசையில் ஆறு பேர் நின்றார்கள்.

"அங்கிள், உங்க தயிர்ல கோடிக்கணக்குல பாக்டீரியா இருக்கு!"

ஆறு பேரும் பாத்திரத்தை மூடினார்கள். அங்கிள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பால் திரிந்துவிடும். வேனை எடுத்தவர் ஒரு வாரம் வரவில்லை.

திரும்பி வந்ததும் மாதிரிப் புட்டியை என் கையில் திணித்தார். "இந்தா. இப்பப் பாரு."

பார்த்தேன். தட்டு காலி. அடுத்த புட்டி, அதுவும் காலி. தயிர் கொஞ்சம் திரிந்திருந்தது. வெயிலில் வந்ததால் என்று நினைத்தேன். மூன்றாவதும் காலியானபோது விரிவுரையாளர், "என்னப்பா, பாக்டீரியா எல்லாம் லீவா?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜெஞ்சாரோமுக்கே பஸ் ஏறினேன். அங்கிளின் மாட்டுக்கொட்டகை ஓரத்து அடுப்பில் கொதிக்கும் தண்ணீரில், குழந்தையின் பால்புட்டி மாதிரி, என் மாதிரிப் புட்டி நின்றது.

"ஒரு மணி நேரம் வேக வைக்கிறேன் தம்பி. ஒன்னுவிடாம கொன்னுட்டேன். இனிமே உனக்கு பாஸ்தான்!"

நான் அங்கேயே வைக்கோல்மீது உட்கார்ந்துவிட்டேன். உயிரோடு இருந்தால்தான் எனக்குப் பட்டம் என்று சொல்லி முடித்தபோது அவருடைய வாய் திறந்தபடியே இருந்தது.

"அப்ப... நான் கொன்னது உன் பரீட்சையவா?"

வேகவைக்காத தயிரைக் கையோடு கொடுத்தார். நாள் போதவில்லை. இருந்த நாளில் சோதித்ததில் பாதி அமிலத்தில் செத்தது, மீதி பித்தத்தில். பாடத்தில் தவறி, ஆய்வைத் திரும்ப எடுத்தேன். அப்பாவிடம் டாக்டர் படிப்பு நீண்டது என்றேன்.

இந்தக் கல்வித் தவணையில் ஒருநாள் பல்கலைக்கழகக் காவலாளி போன் செய்தார். வாசலில் அங்கிள். சலவைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு, கையில் புட்டி. காவலாளியிடம், "சார், என் பாக்டீரியா எக்ஸாம் எழுத வந்திருக்கு, உள்ள விடுங்க" என்று வாதாடிக்கொண்டிருந்தார்.

அந்தப் புட்டியில் இருந்தவையும் அமிலத்தைத் தாண்டவில்லை. வேனருகே நின்று சொன்னேன்.

"எல்லாமா?"

"எல்லாமும், அங்கிள்."

நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்கவில்லை. திட்டவும் இல்லை. வாளியின் மூடியைத் துடைத்து இறுக மூடினார்.

"செவப்பி மாட்டுப் பால் சரியில்ல. நாளைக்கு லெட்சுமி பால்ல உறை ஊத்திக் கொண்டாறேன்."

விசாரித்தேன். அவரிடம் பால் சோதிக்காத மாடுகள் இன்னும் நான்கு இருக்கின்றன. அவை தீரும்வரை அவர் என்னைக் கைவிடமாட்டார்.