ஹெக்ஸ்டாட்டின் ரகசிய மஞ்சள்

"ஏழு மஞ்சள், ஒரு பச்சை. அஞ்சு மஞ்சள், ரெண்டு பச்சை. எட்டு மஞ்சள்..."

"ஏங்க, சீஸ் சூப் ஆறுது!"

ஆர்லோ டிவெய்ட் தலையில் அடித்துக்கொண்டான். எண்ணிக்கை போச்சு. தூண்டில் கோலில் சுற்றிய நூலையெல்லாம் மறுபடியும் பிரிக்கவேண்டும்.

"லோர்னா, நான் எண்ணும்போது பேசாதேன்னு எத்தனை தடவை சொல்றது?"

"ரெண்டு நாளா எண்ணிக்கிட்டேதான் இருக்கீங்க. எப்பத்தான் பேசறது?"

அவள் கேட்டது நியாயம்தான். ஆனால் ஆர்லோவின் நிலைமை அப்படி. அக்கா மார்னியின் கணவர் கேலனுடைய தூண்டில் கோலை, கேட்காமல் கொள்ளாமல் அவருடைய கராஜ் சுவரிலிருந்து எடுத்து வந்திருந்தான். மதுக்கடையில் நாலு பேர் முன்னால் ஆட்டிக் காட்டும் ஆசை. காட்டியும் விட்டான். திரும்பும்போது கோல் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்காமல் லாரிக் கதவைச் சாத்தினான். கோல் கைப்பிடிக்கு மேலே, சரியாக நூல் சுற்றிய இடத்தில், மடக்கென்று இரண்டாகிவிட்டது.

சாதாரணக் கோலா அது? தூண்டில் கட்டுவதில் பேர்போன, காலமான ஹெக்ஸ்டாட் கையால் கட்டியது. ஐம்பத்திரண்டு அங்குல மஸ்கி மீனைக் கேலன் அதில்தான் இழுத்துப் போட்டார். வெள்ளி மதியம் டுலூத் நகரத்திலிருந்து திரும்பி வருகிறார். சனிக்கிழமை காலை மஸ்கி பிடிக்கும் சீசன் ஆரம்பம். விஷயம் தெரிந்தால், பத்தொன்பது வருஷமாக அவர் படகில் ஆர்லோ உட்காரும் இடம் காலி. அவனுக்கென்று சொந்தமாக ஒரு ஓட்டைப் படகுகூடக் கிடையாது.

"உங்க அத்தான்கிட்ட உண்மையைச் சொல்லித் தொலைங்களேன்" என்றாள் லோர்னா.

"சொன்னா எனக்குப் பதிலா அவர் நாய் உட்காரும். அதுவும் என் மெத்தையில!"

ஊரில் பாதிப் பேருக்குத் தூண்டில் கட்டித் தருகிறவன் ஆர்லோ. அதே மாதிரி இன்னொன்று கட்டுவது என்ன பெரிய வித்தை? மஞ்சள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து பச்சையில் கரையவேண்டும், அவ்வளவுதான். கையிலிருந்த மூன்று வெறுங்கோல்களில் முதலாவதை முறைப்படி சுற்றி, நிறம் காக்கும் திரவத்தை மூன்று தடவை பூசி, காயவைத்து, மேலே எபாக்ஸிப் பிசினை ஊற்றினான். எலுமிச்சம்பழம் மாதிரி மினுமினுத்தது. அங்கேதான் வந்தது வினை. உடைந்த கோலின் மஞ்சளோ பழைய கடுகுச் சாந்து. பச்சையோ ஏரிப் பாசி.

"அந்தத் திரவம் பூசலேன்னா எபாக்ஸி பட்டதும் நூல் கறுத்துடும்னு நீங்கதானே சொல்வீங்க? அந்தக் கிழவர் மறந்திருப்பாரோ?"

"யாரு, ஹெக்ஸ்டாட்டா?" ஆர்லோ துள்ளி எழுந்தான். "வாயை அலம்பிட்டு வா! அவர் மறக்கறதாவது! இது ஏதோ ரகசியச் சாயம்."

சரி, கடையில் மங்கலான நூல் வாங்கிச் சுற்றினான்.

"குழந்தை டயப்பர் மாதிரி இருக்குங்க" என்றாள் லோர்னா.

அதைப் பிய்த்தெறிந்துவிட்டு, நல்ல நூலைக் காப்பியில் ஊறவைத்து அடுப்பில் உலர்த்தினான். நிறம் கிட்டத்தட்ட வந்தது. ஆனால் நூல் மொரமொரவென்று எட்டுச் சுற்றுக்கு ஒருதரம் அறுந்தது. அடுப்பும் நாறியது. கோபத்தில் கத்தியால் சுரண்டியதில் கோலே கீறிப்போயிற்று. மிச்சமிருந்தது ஒரே ஒரு கோல்.

வெள்ளி மதியம் வேறு வழியில்லாமல் அதில் நல்ல நூலையே சுற்றி முடித்து, மூன்றாவது தடவை பூச அந்த நிறம் காக்கும் திரவத்தில் தூரிகையைத் தோய்த்தபோது, நிலவறைப் பட்டறையின் படியில் காலடி கேட்டது. மார்னி அக்கா.

"டேய் ஆர்லோ! அத்தான் வந்தாச்சு, வெளியே வண்டியில இருக்கார். மீன் வறுவல் சாப்பிட வர்றீங்களா... இது என்னடா?"

உடைந்த இரண்டு துண்டும் மேஜைமேல் கிடந்தன. ஆர்லோ அவசரமாகக் கையால் மறைக்கப் பார்த்தான்.

"அக்கா, சத்தியமா வேணும்னு செய்யலை. லாரிக் கதவு... ஹெக்ஸ்டாட் கட்டினது, பாவி நான்..."

மார்னி மேஜையருகே வந்தாள். அவன் நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தாள்.

"ஏழு, அஞ்சு, எட்டு, மூணு... இது என்ன கணக்கு?"

"உடைஞ்ச கோல்ல எண்ணினேன். எந்த ஒழுங்குமே இல்லாத மாதிரி இருக்கு பாரு, அதான் மாஸ்டரோட தாளம்! செதில் அசையற மாதிரி. நாலு நாளா மனப்பாடம் பண்றேன். அந்த நிறம் மட்டும்தான்கா பிடிபடலை!"

வெளியே கேலன் ஹாரன் அடித்தார். மார்னி படியேறிப் போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு இறங்கி வந்தாள். தம்பி கையிலிருந்த தூரிகையை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"தாளமாம், மண்ணாங்கட்டியாம்! மூணு வருஷத்துக்கு முன்னாடி கராஜ் கதவை இறக்கி ஹெக்ஸ்டாட் கோலை ஒடிச்சுட்டு, அத்தானுக்குத் தெரியாம அதுக்குப் பதிலா இதை நான் சுத்தும்போது ஃபோன் அடிச்சுக்கிட்டே இருந்துதுடா, எண்ணிக்கை தப்பிப்போச்சு; அப்புறம் இந்தக் கருமத்தைப் பூசணும்னு எனக்கு யாருமே சொல்லலை!"