முகூர்த்த நேரத்தில் ஆதி ஸ்லாவியம்

எதையும் அடியிலிருந்து ஒழுங்காகச் செய்யவேண்டும் என்று நினைப்பவன் நான். அந்தக் குணத்தால்தான் அக்கா மகனின் முகூர்த்தத்தைக் கெடுத்தேன்.

மணமகளின் தந்தை போலந்துக்காரர். தாய் பல்கேரியப் பெண். கல்யாணம் வெள்ளவத்தையில். சம்பந்தி வீட்டாரை அவர்கள் மொழியிலேயே வரவேற்க நினைத்தேன். (யாரும் கேட்கவில்லை.) போலிஷ் பேசினால் தாய்க்கு மனம் நோகும், பல்கேரியன் பேசினால் தந்தைக்கு. இரண்டுக்கும் மூதாதையான ஆதி ஸ்லாவிய மொழியில் பேசினால் பாரபட்சம் இல்லை அல்லவா? ஒரு சொற்பிறப்பு அகராதியைப் பார்த்து வரவேற்புரை எழுதி, ஆறு வாரம், தினமும் காலையில் கடற்கரைத் தண்டவாளத்தோரம் நடந்தபடி மனனம் செய்தேன். அந்த மொழியில் எழுதிய ஒரு வரிகூட உலகில் யாருக்கும் கிடைத்ததில்லை என்பதும், அறிஞர்கள் ஊகித்த சொற்களுக்கு முன்னால்தான் நட்சத்திரக்குறி போடுவார்கள் என்பதும் பிறகுதான் தெரிந்தது. நானோ அதை முக்கியமான சொல்லுக்கான அடையாளம் என்று நினைத்து, ஒவ்வொரு சொல்லையும் அழுத்தி உச்சரித்தேன். (எல்லாச் சொல்லிலும் குறி இருந்தது.)

முகூர்த்தம் 10.12 முதல் 10.24 வரை. மாப்பிள்ளைக்குச் செவ்வாய் தோஷம். அதற்குள் தாலி ஏறவேண்டும் என்பதே அக்காவின் ஒரே கவலை.

“தம்பி, நீதான் மணிக்கூட்டைப் பாக்கவேணும். பிந்தினா என்ர நெஞ்சு வெடிச்சிடும்.”

“ஓமக்கா, யோசியாதேங்கோ.”

10.02க்கு மைக்கைப் பிடித்தேன். உரை ஒன்பது நிமிடம், கணக்கு சரி. இரண்டாவது வரியில் போலந்துக்காரர் எழுந்து தலைகுனிந்து நின்றார். உருகிவிட்டார் என்று நினைத்தேன். மனைவியும் எழுந்தார். அவர்களுடைய வேதவாசகமாக்கும் என்று எங்கள் ஆட்களும் எழுந்தார்கள். ஐயர் மேளத்தை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கைகூப்பினார். இவ்வளவு மரியாதையா என்று பூரித்துப்போய், முழு உரையையும் இன்னொரு தடவை, நிதானமாகச் சொன்னேன்.

முடிந்ததும் சம்பந்தி என் கையைப் பற்றி ஆங்கிலத்தில் சொன்னார்: “உங்கள் தமிழ்ப் பிரார்த்தனை மிக அழகு.”

அப்போதுதான் மணிக்கூட்டைப் பார்த்தேன். 10.26. தாலி ஏறியது 10.31க்கு. அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. அன்றைய டயரிப் பக்கத்தில் அந்த நேரத்தைத் தவிர வேறெதையும் எழுத என்னால் முடியவில்லை.

பிள்ளைகள் சந்தோசமாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் அங்கே சின்னச் சண்டை வந்தாலும் அக்கா முதலில் எனக்குத்தான் போன் எடுப்பார்.

“கோப்பை கழுவுறதில பிரச்சினையாம். எல்லாம் அந்த ஏழு நிமிசம்.”

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ, அக்கா.”

“பரவாயில்லை. இந்தமுறை நீ கதைக்கிறது விளங்குது.”