கேப்டன் படகில் கசிவு

பல் டாக்டர் படகின் பின்பக்கத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தார். கால்கள் இரண்டும் வெளியே, மற்றதெல்லாம் இன்ஜின் குழிக்குள். ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் நோயாளிகளின் கடைவாய்க்குள் விட்டுப் பார்க்கும் குட்டிக் கண்ணாடி. முந்தின நாள் சாயந்திரம் ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றித் துடைத்துவிட்டுப் போன அதே குழியில், காலையில் மறுபடியும் தண்ணீர்.

"வந்திருக்கா, டாக்டர்?" என்று மேலேயிருந்து கேட்டார் படகுத்துறைக் காவலாளி.

"வந்திருக்கு. ரெண்டு பக்கெட் இருக்கும்."

"அது எப்பவும் இருக்கறதுதானே. அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும், விட்டுடுங்க."

விடுவதாவது! கல்யாணமான நாளிலிருந்து மாமனார் தன்னிடம் பேசிய பேச்சையெல்லாம் சேர்த்து எழுதினால் ஒரு மருந்துச் சீட்டில் இடம் மிச்சமிருக்கும் என்பது பல் டாக்டரின் மனக்குறை. "வாங்க மாப்ள", "சாப்பிடுங்க மாப்ள", அதோடு சரி. மீதிப் பேச்செல்லாம் மூத்த மாப்பிள்ளைக்கு. மூத்தவர் இன்ஜினியர். அவர் தும்மினால்கூட மாமனார் தலையாட்டுவார். பல் டாக்டர் வாயைத் திறந்தால் செய்தித்தாளைப் பிரித்துக்கொள்வார். ஊரார் வாயையெல்லாம் திறக்க வைக்கிற மனிதருக்கு மாமனார் வாயை மட்டும் திறக்க வைக்க முடியவில்லை.

மாமனாருக்குக் குடும்பத்தில் கேப்டன் என்று பெயர். கப்பல் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்தக் கப்பல் என்று யாரும் கேட்டதில்லை. அவர் தலையில் இருக்கும் வெள்ளைத் தொப்பியைப் பார்த்தால் அப்படியெல்லாம் கேட்கத் தோன்றாது. ஓய்வு பெற்ற கையோடு ஏரியில் விட ஒரு படகு வாங்கினார். வாங்கி மூன்று வருஷமாகியும் குடும்பத்தில் ஒருத்தரும் அதில் ஏறிப் போனதில்லை. எப்போது கேட்டாலும், "கசியுது" என்பார். சனிக்கிழமை தவறாமல் படகுத்துறைக்குப் போவார். சாயந்திரம் திரும்பி வந்து, "இன்னும் கசியுது" என்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை மாமியாருக்குப் பொறுமை போய்விட்டது.

"நாளைக்குப் பெரியவ வீட்டுக்குப் போறோம். அடுத்த ஞாயித்துக்கிழமை அவங்களையும் கூட்டிக்கிட்டு நேரா ஏரிக்கு வர்றோம். என் தங்கச்சிங்ககிட்டயும் சொல்லிட்டேன். கசிஞ்சா கசியட்டும், நான் ஒரு சொம்பு கொண்டாந்து மொண்டு வெளிய ஊத்தறேன்!" என்று சாப்பாட்டு மேஜையில் தீர்ப்பு வழங்கிவிட்டார்.

எல்லோரும் கை கழுவிக்கொண்டிருந்தபோது கேப்டன் அக்கம்பக்கம் பார்த்தார். பல் டாக்டரின் கையைப் பிடித்து மாடிப்படிக்கு அடியில் இழுத்துக்கொண்டு போனார்.

"மாப்ள, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். வெளிய தெரிஞ்சா மானம் போயிடும்."

"சொல்லுங்க மாமா."

"எனக்கு ஓட்ட தெரியல, மாப்ள."

பல் டாக்டர் தோளை நிமிர்த்திக்கொண்டார். கடலையே பார்த்த மனிதர், ஒரு சின்னப் படகில் ஓட்டை எங்கே என்று தெரியாமல் தவிக்கிறார். அதையும் இன்ஜினியரிடம் சொல்லாமல் தன்னிடம் வந்து சொல்கிறார்!

"மூணு வருஷமா எப்படியோ சமாளிச்சுட்டேன். இனிமே முடியாது. ஞாயித்துக்கிழமைக்குள்ள நீங்கதான் ஏதாவது பண்ணணும்."

"என்கிட்ட விட்டுடுங்க மாமா. நான் பாத்துக்கறேன்."

கேப்டனின் கண்கள் கலங்கிவிட்டன. "பெரிய மாப்பிள்ளைக்கு மட்டும் தெரிய வேண்டாம்" என்று கையை ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போனார். அந்தக் கையை அன்று முழுவதும் பல் டாக்டர் சோப்புப் போட்டுக் கழுவவில்லை.

இதை எல்லாம் காவலாளியிடம் எப்படிச் சொல்வது? சுருக்கமாகச் சொன்னார்.

"கேப்டன்தான்யா என்னைப் பாக்கச் சொன்னார். ஓட்ட தெரியலன்னு அவரே தன் வாயால சொன்னார்."

காவலாளி திடுக்கிட்டார். "உங்ககிட்ட சொல்லிட்டாரா?"

"சொல்லிட்டார்."

"அப்பாடா! இனிமே நானும் மென்னு முழுங்க வேண்டியதில்ல. சொல்லுங்க டாக்டர், நான் என்ன பண்ணணும்?"

பல் டாக்டர் உதிரிபாகக் கடைக்காரருக்குப் போன் போட்டார்.

"படகு நிக்கும்போது தண்ணி வருதா சார், ஓடும்போது வருதா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"நிக்கும்போதுதான். ஓடினதே கிடையாது."

"அப்ப துருத்தி ரப்பராத்தான் இருக்கும்."

இந்த மாதிரிப் படகில் இன்ஜின் உள்ளே இருக்கும், தண்ணீரைத் தள்ளுகிற விசிறி வெளியே இருக்கும். இரண்டையும் இணைக்கிற தண்டு படகின் பின்சுவரைத் துளைத்துக்கொண்டு போகும். அந்தத் துளை வழியாக ஏரி உள்ளே வந்துவிடாமல் கொல்லன் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை மாட்டியிருப்பார்கள். வின்ச் போட்டுப் படகைக் கரைக்கு இழுத்து, பல் டாக்டர் அந்த உறையின் ஒவ்வொரு மடிப்பையும் கண்ணாடி விட்டுப் பார்த்தார். புத்தம் புதிதாக இருந்தது. இன்ஜினும் அப்படித்தான், கடையிலிருந்து நேற்று வந்ததைப் போலப் பளபளத்தது. மாமாவின் பராமரிப்பே பராமரிப்பு என்று உருகினார்.

"நல்லாத்தானே இருக்கு" என்றார் காவலாளி.

"பல்லும் அப்படித்தான். வெளிய பாத்தா முத்து மாதிரி இருக்கும். உள்ள தட்டினாத்தான் தெரியும்."

தட்டினார். அப்புறம் நெம்பினார். ஸ்க்ரூடிரைவர் உறைக்குள் பொத்தென்று இறங்கியது.

"இப்ப தெரியுது டாக்டர்" என்றார் காவலாளி மரியாதையாக.

புது உறை வாங்கிவந்து, பசை தடவி, கிளாம்ப் போட்டு இறுக்கி, படகை ஏரியில் இறக்கினார்கள். கிளாம்ப் உட்காரவேண்டிய பள்ளத்தில் உட்காராமல் ஒரு விரல் தள்ளி உட்கார்ந்திருந்தது. தண்ணீர் இப்போது கசியவில்லை. குபுகுபுவென்று கொட்டியது.

"பலே! டாக்டர்னா டாக்டர்தான். கேப்டன் பாத்தா பூரிச்சுப் போயிடுவார்" என்று காவலாளி கைதட்டினார்.

இந்த மனிதருக்கு இத்தனை நக்கல் ஆகாது என்று பல் டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டார். அவருடைய தொழிலில் அது கூடாது என்று தெரிந்தும் கடித்துக்கொண்டார்.

மறுபடி வின்ச், மறுபடி கரை. கிளாம்பைச் சரியாக மாட்டினார். உள்ளே நின்ற தண்ணீரை வடித்தார். கடைக்குப் போன கையோடு வாங்கிய புது ஸ்பார்க் பிளக்குகளையும் இன்ஜினில் மாட்டினார். படகு ஏரிக்குள் இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது. பின்பக்கம் பாதி முழுகியபோது கடைக்காரருக்குப் போன் போனது.

"பிளக் போட்டீங்களா சார்?"

"போட்டேனே. நாலும் புதுசு."

"நாலா? நான் இன்ஜின் பிளக்கக் கேக்கல சார். படகுக்கு அடியில தண்ணி வடிய ஒரு துவாரம் இருக்குமே, அதுக்கு ஒரு திருகு மூடி இருக்குமே, அந்தப் பிளக்கு."

பல் டாக்டர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். மூடி பத்திரமாக இருந்தது.

வீட்டில் மனைவி மூக்கைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"ஏங்க, கிளினிக்குக்குப் போறீங்களா, பெட்ரோல் பங்க்குக்குப் போறீங்களா? ஒரு அம்மா நாலு தடவ போன் பண்ணிட்டாங்க. நீங்க தற்காலிகமா அடைச்சது விழுந்துடுச்சாம்."

"எந்தப் பக்கம் கசியுதாம்?"

"கசியுதா? பல்லுங்க, பல்லு!"

"உங்கப்பா விஷயம். என்னை நம்பி ஒரு ரகசியம் சொல்லியிருக்கார். கேக்காத."

"அப்பாவா? உங்ககிட்டயா?" அவள் மூக்கிலிருந்து கை தானாக இறங்கியது. பிறகு ஒன்றும் கேட்காமல் உள்ளே போய், அவருக்குப் பிடித்த மாதிரி தோசை வார்த்தாள். ஆறு வருஷத்தில் அவளுக்கும் அது ஒரு குறையாகத்தான் இருந்திருக்கிறது போல.

மூடியைத் திருகி, தண்ணீரையெல்லாம் இறைத்த பிறகு அந்தச் சாயந்திரம் குழி காய்ந்து கிடந்தது. பல் டாக்டரே கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். காலையில் போனால் பழையபடி ரெண்டு பக்கெட்!

"இது எப்படிய்யா வருது?" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"அதப் பத்தி நீங்க கவலப்படாதீங்க டாக்டர். அது தவறாம வரும்" என்று ஆறுதல் சொன்னார் காவலாளி.

அடுத்த சந்தேகம் இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர்க் குழாய்மேல் விழுந்தது. ஒவ்வொரு இணைப்பையும் இறுக்கினார். நோயாளி 'ஆ' என்று கத்தும்வரை விடக்கூடாது என்கிற மாதிரி இறுக்கினார். குழாய்க்குக் கத்தத் தெரியாது. சத்தமில்லாமல் விரிசல் விட்டது. சோதித்துப் பார்க்கலாம் என்று படகைக் கட்டிப் போட்ட இடத்திலேயே சாவியைத் திருகினார். இன்ஜின் ஒரு தடவை உறுமி, வாய் கொப்பளித்து அவர் முகத்திலேயே துப்பியது.

"சூப்பர், டாக்டர்! இத யாராலயும் சரி பண்ண முடியாது" என்றார் காவலாளி.

பல் டாக்டருக்கு அழுகை வந்துவிட்டது. நனைந்த முகத்தில் அது தெரியவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். ஞாயிற்றுக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. மாமா கண் கலங்கி நின்றதும், கையை அழுத்தியதும் நினைவுக்கு வந்து வந்து குத்தின. இந்த ஒரு வேலையில் தோற்றுவிட்டால் ஆயுசு முழுவதும் "சாப்பிடுங்க மாப்ள"தான்.

புதுக் குழாய் வாங்கி மாட்டினார். அதோடு நிற்காமல், பல் அடைக்கிற சிமென்ட்டைக் கிளினிக்கிலிருந்து டப்பா டப்பாவாகக் கொண்டுவந்து, பின்சுவரில் இருந்த ஒவ்வொரு திருகாணியின் தலையையும் அடைத்தார். சனிக்கிழமை மத்தியானம் படகை இறக்கிவிட்டு, தலையணையும் போர்வையுமாக அதிலேயே உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று கண்ணால் பார்க்காமல் எழுந்திருப்பதில்லை என்று முடிவு.

காவலாளிக்கு இருப்புக்கொள்ளவில்லை. பொழுது சாய்ந்ததும் வந்தார். "வீட்டுக்குப் போங்க டாக்டர். மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

"வேண்டாம்யா."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்தார். "கொசு தூக்கிட்டுப் போயிடும். ஒரு அரை மணி நேரம் அந்தப் பக்கம் போயிட்டு வாங்களேன்."

"இந்த இடத்த விட்டு அசைய மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை குழி சுக்காகக் காய்ந்திருந்தது. பல் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார், விரலால் தேய்த்துப் பார்த்தார், காகிதம் போட்டு ஒற்றிப் பார்த்தார். சொட்டுக்கூட இல்லை. எழுந்து நின்று ஏரியைப் பார்த்து ஒரு நல்ல மூச்சு விட்டார். படித்துப் பட்டம் வாங்கிய அன்றுகூட அவருக்கு இப்படி ஒரு சந்தோஷம் இருந்ததில்லை.

இரண்டு வேன்களில் குடும்பம் வந்து இறங்கியது. மாமியார், அவருடைய மகள்கள், தங்கைகள், தங்கைகளின் வீட்டுக்காரர்கள், குழந்தைகள், மூத்த மாப்பிள்ளை, எல்லோருக்கும் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை. கடைசியாக வெள்ளைத் தொப்பியோடு கேப்டன் இறங்கினார். நேராகப் பல் டாக்டரிடம் வந்து காதோடு காதாகக் கேட்டார்.

"மாப்ள, ஏதாவது பண்ணிட்டீங்கல்ல?"

"பண்ணிட்டேன் மாமா. நீங்க தைரியமா ஏறலாம். ஒரு சொட்டுத் தண்ணி இல்ல!"

கேப்டனின் முகம் தொப்பியைவிட வெளுத்துவிட்டது. மாமா உணர்ச்சிவசப்படுகிறார் என்று பல் டாக்டர் புரிந்துகொண்டார்.

மூத்த மாப்பிள்ளை இன்ஜின் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். "சகல, இது நீங்களா பண்ணீங்க? என்னால முடிஞ்சிருக்காதுங்க" என்று எல்லோருக்கும் கேட்கிறமாதிரி சொன்னார். பல் டாக்டரின் மனைவிக்குப் பெருமை தாங்கவில்லை. மாமியார் முதல் ஆளாக ஏறி முன் இருக்கையில் சம்பிரமமாக உட்கார்ந்தார். இடம் கொண்டமட்டும் மற்றவர்களும் ஏறினார்கள்.

"என்னங்க, சிலையாட்டம் நிக்கறீங்க? வண்டிய எடுங்க!" என்றார் மாமியார்.

கேப்டன் ஸ்டியரிங்கின் முன்னால் உட்காரவைக்கப்பட்டார். பல் டாக்டர் சாவியைப் பணிவோடு அவர் கையில் வைத்தார். ஊசியைப் பார்க்கிற நோயாளி மாதிரி கேப்டன் அந்தச் சாவியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நெற்றியிலிருந்து வியர்வை வழிந்தது.

பின்னாலிருந்து யாரோ பல் டாக்டரின் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். காவலாளி.

"எல்லாம் தெரிஞ்ச நீங்களே இப்படிப் பண்ணலாமா, டாக்டர்? மூணு வருஷமா நான் இதுக்குள்ள பக்கெட் பக்கெட்டா தண்ணி மொண்டு ஊத்திக்கிட்டு இருந்தது எதுக்கு? கேப்டனுக்கு ஓட்ட தெரியாதுங்கறதாலதானே!"