ஒரு கதிரைக்கு மட்டும் அளந்த சத்தம்

அன்புள்ள தம்பி நிரோஷனுக்கு,

கொட்டாஞ்சேனையிலிருந்து அக்கா மெற்றில்டா எழுதிக்கொள்வது. இங்கே நானும் பூனையும் சுகம். நீ, நிஷாந்தினி, பிள்ளைகள் எல்லோரும் கனடாப் பனியில் விறைத்துப்போகாமல் இருக்க அந்தோனியாரை மன்றாடுகிறேன். போனில் சொன்னால் நடுவில் புகுந்து கதைப்பாய், அதனால்தான் கடிதம்.

இந்த நத்தார்ப் பண்டிகைக்கும் வர வசதிப்படாது என்று உனக்குப் பதிலாக நீ அனுப்பிய ஸ்பீக்கர் இரண்டும் வந்து சேர்ந்தன. உன்னைவிட நல்ல நிறம். ஆனால் பாட்டுப் போட்டால் தண்ணீர்த் தாங்கிக்குள் இருந்து பாடுகிற மாதிரி ஒரே முழக்கம். நுகேகொடையில் சவுண்ட் வேலை பார்க்கிற அஷ்பாக்கைக் கூப்பிட்டேன். அவர் கையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அன்ரி, ஸ்பீக்கர்ல பிழை இல்ல. வீடு காலியா ஈக்கிது, அதான் சத்தம் சுத்துது" என்றார். சோபாவை விற்று, ஆட்களைக் கனடாவுக்கு ஏற்றிவிட்டால் வேறென்ன சுற்றும் என்று நான் கேட்டேன். பிறகு நான் இருந்து பாட்டுக் கேட்கிற கதிரையில் காது உயரத்துக்கு ஒரு மைக்கை நிறுத்தி, ஃபான், பிரிட்ஜ் எல்லாம் நிற்பாட்டி, பூனையைக் குசினியில் பூட்டி, என்னையும் மூச்சுவிட வேண்டாம் என்றார். ஸ்பீக்கர் துறைமுகக் கப்பல் மாதிரி அடியில் ஊதத் தொடங்கி, காதோரம் இரைகிற நுளம்பு மாதிரி மேலே போய் முடிந்தது. எந்தச் சத்தம் அறையில் கூடுது, எது குறையுது என்று மைக் கேட்டுச் சொல்ல, கொம்பியூட்டர் அதைத் திருத்துமாம். மேல்வீட்டு றலியா ஓடிவந்து, "மெற்றில்டா, என்ன, நெஞ்சு நோவா?" என்று கேட்டா. "ஓம், தம்பி அனுப்பின நோவு" என்றேன்.

இப்போது பாட்டுக்காரி சுவருக்கு நடுவில் நின்று என் முகத்தைப் பார்த்துப் பாடுகிறாள். என் கதிரைக்கு மட்டும்தான் அளந்தது. வேறு இடத்தில் இருந்தால் அவ்வளவு சரிவராதாம். ஆகவே நீங்கள் வந்தாலும் உங்களுக்கு நல்ல சத்தம் கிடையாது. வராமல் இருப்பதே நல்லது. எனக்கு ஒரு குறையும் இல்லை.

பிள்ளைகளின் நெற்றியில் என் பேரால் சிலுவை போட்டுவிடு. நீ தொப்பி போடு, மண்டையில் மயிர் இல்லை.

உன் அக்கா,
மெற்றில்டா

பி.கு.: ஒரு கதிரை என்றது பொய். "ஆக்கள் எங்கெங்க இருந்து கேப்பாங்க?" என்று அஷ்பாக் கேட்டபோது உன் இடம், நிஷாந்தினியின் இடம், பிள்ளைகள் புரளுகிற பாய் எல்லாவற்றையும் காட்டிவிட்டேன். எல்லா இடத்திலும் மைக்கை வைத்து அளந்தார். "அவங்க எங்க அன்ரி?" "கடைக்குப் பாண் வாங்கப் போனவங்க, இப்ப வருவாங்க" என்றேன். எல்லோருக்கும் பொதுவாகத் திருத்தினதில் என் மூலை இன்னும் கொஞ்சம் முழங்குகிறது. "ஒங்களுக்கு மட்டும் போடவா?" என்று கேட்டார். வேண்டாம் என்றுவிட்டேன். பாட்டுக்காரி பார்ப்பது உன் இடத்தைத்தான். இப்போது அங்கே பூனை படுக்கிறது. வந்தால் எழுப்பிவிடலாம்.