பூதத்தின் வாயில் ஒரு கட்டி

எட்டுத் திக்கும் பெயர் விளங்கப்போகும் என் அக்கா மகளுக்கு, ஏழு கடலும் கொள்ளாத அன்போடு உன் தாய்மாமன் எழுதுவது. இங்கே நான் சுகம், உன் அத்தை என்னைவிடச் சுகம். நீ வேலைக்குப் போகும்போது என் தலையில் கட்டிவிட்டுப் போன உன் நாய் பூதமும் இப்போது தேறிவருகிறது. ஆகவே பதறாமல் உட்கார்ந்து படி.

போன மாதம் பூதத்தின் வாய்க்குள் கருந்திராட்சை போல ஒரு கட்டி. நாய் டாக்டரம்மா அதில் துளி கிள்ளிச் சோதனைக்கு அனுப்பினார். புற்றுநோயேதான். நான் ஆடிப்போய் நிற்க, இன்னொரு சோதனையும் செய்தார்கள். முடிவு வந்த அன்று, "ஒரு புரதத்தைத் தேடினோம் சார், நிறையவே இருக்கு" என்றார் டாக்டரம்மா. நிறைய என்றதும் கதை முடிந்தது என்று அழுதேன் பார், அந்த வெள்ளத்தில் வைத்தியத்துக்கு வந்திருந்த கூடைப் பூனைகளெல்லாம் மேஜைமேல் ஏறிக்கொண்டன!

"அய்யோ அழாதீங்க சார், இது நல்ல சேதி!"

"எந்த ஊர் நியாயம்மா இது?"

"உடம்புக்குள்ள காவல்கார அணுக்கள் இருக்கு. புற்று இந்தப் புரதத்தைக் காட்டி அதுங்களைத் தாஜா பண்ணி அடக்கிடுது. அதைத் தடுக்கத்தான் மருந்து. புரதமே இல்லேன்னா மருந்துக்குப் பிடிமானம் குறைவு. ஆனா எல்லா நாய்க்கும் கேக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. திருடன் வந்தாலும் காதைச் சொறிந்துவிட்டால் வாசல்வரை வழியனுப்புகிற ஜன்மம்தானே இந்தப் பூதம்? "ரத்தத்துலயும் இதே லட்சணமாடா?" என்று திட்டினேன். வாலை ஆட்டியது. ஊசி ஆரம்பமானது. பலிக்குமா பலிக்காதா என்று தெரியாமல் பூதம் பாட்டுக்குச் சாப்பிட, எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

நேற்று டாக்டரம்மா அதன் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். கட்டி பாதிக்குமேல் சுருங்கிவிட்டதம்மா! நான் விட்ட பெருமூச்சில் மருந்துச் சீட்டெல்லாம் பறக்க, "ஃபேனை நிறுத்திடவா சார்?" என்றார் கம்பவுண்டர்.

இன்னும் சில ஊசி பாக்கி. அதற்காக நீ லீவு போட்டு ஓடிவராதே. இந்தச் சிங்கம் ஒற்றை ஆளாய் நின்று எல்லாவற்றையும் சமாளிக்கிறது. நீ நூறு வருஷம் நோய்நொடி இல்லாமல் என்னோடு சண்டை போட்டு வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,
உன் மாமா.

பி.கு.: அடுத்த ஊசி சனிக்கிழமை. எப்படியாவது வந்து சேர். பூதம் ஆடாமல் அசையாமல் காலை நீட்டிவிடுகிறதாம். கூட வருகிற பெரியவரைப் பிடிக்கத்தான் ஆள் பத்தவில்லை என்கிறார் கம்பவுண்டர்.