வராதவர்களுக்கான சீசன் டிக்கெட்

ஒரு காட்டில் ஒரு கலைக் கல்லூரி இருந்தது. கல்லூரி என்றால் கூடைப்பந்து அணி ஒன்று இருந்தாக வேண்டும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள்; ஆகவே அதுவும் இருந்தது. வெற்றிதான் இருக்கவில்லை. போன பருவத்தில் ஆடிய ஆட்டம் பத்தொன்பது, தோற்ற ஆட்டமும் பத்தொன்பது. இருபதாவது ஆட்டம் மழையில் மண்டபம் ஒழுகி நின்றுபோனது. ரசிகர்கள் அதற்கு வெடி வெடித்தார்கள்.

அணித் தலைவன் லூர்து, ஓர் ஆமை. பந்தைத் தட்டிக்கொண்டு அவன் எதிர்முனைக்குப் போய்ச் சேர்வதற்குள் எதிரணி நாலு கூடை போட்டுவிட்டு வந்து, பாவம் என்று அவனுக்கு வழிவிட்டு நிற்கும். அணியில் ஒரு மயில் உண்டு. பந்து கைக்கு வந்தால் தோகையை விரிக்கத் தோன்றும். ஒரு குரங்கு உண்டு. பந்து கைக்கு வந்தால் திருப்பிக் கொடுக்கத் தோன்றாது. மீதி இருவரும் முயல்கள். விசில் சத்தம் கேட்டதும் புதருக்குள் ஓடிவிடுவார்கள். தேடிப் பிடித்துக் கூட்டிவர வேண்டும்.

இந்த அணிக்காகத்தான் தங்கப்பழம் என்ற முள்ளம்பன்றி பதினோரு வருஷமாக உயிரைவிட்டுக்கொண்டிருந்தார். கிழங்கு தோண்டி விற்பது அவர் தொழில். ஆட்டத்தன்று மட்டும் கடையை மூடிவிடுவார். மூன்றாவது வரிசையில் அவர் இருக்கை. ஆட்டம் சூடுபிடித்தால் அவருக்கு முள் விறைத்துக்கொள்ளும் என்பதால் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு இருக்கைகள் எப்போதும் காலியாகவே கிடக்கும். நடுவில் உட்கார்ந்துகொண்டு, "லூர்து, எடதுல குடுலே! ஏலே, எடதுல!" என்று அவர் போடும் சத்தம் ஆற்றுக்கு அக்கரை வரை கேட்கும்.

புதுப் பருவத்துக்கு முன்னால் கல்லூரி வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். இருபது பலாக்கொட்டையாக இருந்த சீசன் டிக்கெட் இனி அறுபது. வசதிக் கட்டணம் ஐந்து தனி. அந்தக் காட்டில் பலாக்கொட்டைதான் பணம். தங்கப்பழம் அறிவிப்பை மூன்று முறை படித்தார். பிறகு நேரே அலுவலகத்துக்குப் போனார். அங்கே ஒரு படிவம் கொடுத்து, மூன்று பிரதி எழுதி வாங்கிக்கொண்டு, வரிசையில் நிற்கவைத்து, மதியத்துக்கு மேல் உள்ளே விட்டார்கள்.

தாளாளர் எழிலரசி அம்மையார் ஒரு புள்ளிமான். அந்தப் பதவிக்கு நரிகள் பலர் விண்ணப்பித்தும் கிடைக்கவில்லை. நரி விலையை ஏற்றினால் ஊர் சுதாரித்துக்கொள்ளும். மான் அந்தப் பெரிய கண்களால் நம்மைப் பார்த்துக்கொண்டே ஏற்றினால், நமக்காகத்தான் ஏற்றுகிறார்களோ என்று தோன்றும்.

"ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கலியே தாயி, அதுக்கு மூணு மடங்கா?" என்றார் தங்கப்பழம்.

"ஜெயிக்காததாலதான் அண்ணாச்சி. ஜெயிக்கிற அணிக்கு என்ன பெரிய செலவு? தோத்துக்கிட்டே இருக்கிற அணியை நடத்துறதுதான் சிரமம். மனநல ஆலோசகர் ஒருத்தரை வச்சிருக்கோம்."

"யாருக்கு?"

"முயல்களுக்கு."

"சரி, வசதிக் கட்டணம்னு போட்டிருக்கே, அது என்ன வசதி?"

"பணம் கட்டுற வசதி," என்றார் அம்மையார் மிக அன்பாக.

தங்கப்பழம் வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

அன்று சாயங்காலம் மதிலுக்குப் பின்னால் இருந்த டீக்கடையில் ரசிகர்கள் கூடினார்கள். ரசிகர் மன்றத் தலைவர் சுடலைமுத்து என்ற காட்டுப்பன்றி முதலில் பேசினார்.

"விலையைப் பாத்தா பற்று வரும்? பெத்த பிள்ளை பரீட்சையில தோத்துட்டான்னு சோறு போடாம இருப்போமா?"

கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற தம்புராஜ் என்ற தேவாங்கு மெதுவாகக் கண்ணைத் திறந்தார். "பத்தொம்பது தோல்விக்கு இருபது கொட்டை. ஒரு தோல்விக்கு ஒரு கொட்டைன்னு வச்சிக்கிடுங்க. இனிமே ஒரு தோல்விக்கு மூணு கொட்டை. ஆனா தோல்வி அதே தரம்தான்."

"நாம வாங்கலேன்னா அணியைக் கலைச்சிருவாங்கவே," என்றது ஒரு குரல்.

"கலைச்சுட்டா நான் சாயங்காலம் யாரைத் திட்டுறது?" என்றது இன்னொரு குரல். இதைக் கேட்டு எல்லாரும் கவலைப்பட்டார்கள்.

அப்போது தங்கப்பழம் எழுந்தார். கூட்டம் இரண்டடி தள்ளி நின்றது.

"சின்னப்பிள்ளையில படிச்சிருக்கோம். நாலு மாடு ஒண்ணா நின்னா சிங்கத்தால ஒண்ணும் செய்ய முடியாது. இங்க இருக்கது மானுதான். ஒருத்தரும் டிக்கெட் எடுக்கக் கூடாது. ஒருத்தரும் உள்ளே போகக் கூடாது. காலி மண்டபத்தைப் பாத்துட்டு விலையைக் குறைச்சுட்டு அவுங்களே நம்மளத் தேடி வருவாங்க."

எல்லாரும் கை தட்டினார்கள். சுடலைமுத்துகூடத் தட்டினார். டீ கிளாசின் மேல் சத்தியம் செய்துகொடுத்துவிட்டுக் கலைந்தார்கள்.

முதல் ஆட்டம் காட்டெருமைக் கல்லூரியோடு. தங்கப்பழம் போகவில்லை. ஆனால் உட்காரவும் முடியவில்லை. பொந்துக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார்.

"ஒரு இடத்துல உக்காருங்களேன். செவுரெல்லாம் கீறுது," என்றாள் மனைவி முத்துக்கனி.

"என்ன ஆச்சோ, எவ்வளவுல தோத்தாங்களோ."

பொழுது சாயும் நேரத்தில் செய்தி வந்தது. அணி ஜெயித்துவிட்டது. நாற்பத்திரண்டு, முப்பத்தெட்டு. பார்த்தவர் ஒருவரும் இல்லை. நடுவர்கூட நம்பாமல் இரண்டு தடவை கூட்டிப் பார்த்தாராம்.

தங்கப்பழம் குதித்து ஆடினார். பிறகு உட்கார்ந்தார். பதினோரு வருஷம் காத்திருந்தது, அவர் போகாத ஒரே நாளில் வந்துவிட்டுப் போய்விட்டது. அடுத்த ஆட்டமும் வெற்றி. அதற்கடுத்ததும் வெற்றி.

நாலாம் நாள் லூர்து கிழங்கு வாங்கக் கடைக்கு வந்தான். தங்கப்பழம் நல்ல கிழங்காகப் பார்த்து எடுத்துவைத்தார்.

"எப்படிடே ஜெயிச்சீங்க?"

லூர்து ஓட்டுக்குள் பாதி தலையை இழுத்துக்கொண்டான். "கோவிச்சுக்கிடக் கூடாது அண்ணாச்சி. நீங்க எடதுலன்னு கத்துவீங்க, நான் எடதுல குடுப்பேன். சுடலைமுத்து அண்ணாச்சி வலதுலன்னு கத்துவாக, உடனே ஓடிப் போய் அதைப் பிடுங்கி வலதுல குடுப்பேன். முயலுங்க பாவம், சத்தத்துக்கே ஓடிப்போயிரும். அன்னிக்கு யாருமே இல்ல. பந்தைக் கூடையில போடணும்னு அப்பதான் எனக்குத் தோணிச்சு."

"ஜெயிச்சப்ப எப்படி இருந்துச்சு?"

"அமைதியா இருந்துச்சு அண்ணாச்சி."

அவன் போன பிறகும் தங்கப்பழம் தராசையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுவாரம் கல்லூரி வாசலில் புது அறிவிப்பு. "அன்பார்ந்த ரசிகப் பெருமக்களே! நமது தொடர் வெற்றிகளுக்குத் தங்கள் வராமையே காரணம் என்பது ஆய்வில் தெரியவந்துள்ளது. தங்களின் ஒப்பற்ற பங்களிப்பைப் போற்றும் வகையில், வராதோர் சீசன் டிக்கெட் அறிமுகப்படுத்தப்படுகிறது. விலை எண்பது பலாக்கொட்டை. முன்வரிசையில் வராமலிருக்க விரும்புவோருக்கு நூறு." டிக்கெட்டோடு சட்டையில் குத்திக்கொள்ள ஒரு வில்லையும் உண்டு. 'நான் வரவில்லை' என்று அதில் எழுதியிருந்தது.

டீக்கடையில் மறுபடியும் கூட்டம் கூடியது. தங்கப்பழம் சிரித்துக்கொண்டே வந்தார். எல்லாரும் சிரிப்பார்கள் என்று நினைத்தார். சுடலைமுத்துவின் நெஞ்சில் வில்லை மின்னிக்கொண்டிருந்தது.

"வராம இருக்கதுக்கு எதுக்குவே டிக்கெட்?" என்றார் தங்கப்பழம்.

"சும்மா வராம இருக்கவனும் டிக்கெட் எடுத்து வராம இருக்கவனும் ஒண்ணாவே?" என்றார் சுடலைமுத்து. "நான் முன்வரிசை. நீரு எந்த வரிசையில வராம இருக்கீரு?"

"பழைய டிக்கெட்டு மேலயே தகராறு பண்ணோம். அது அறுபது, இது எண்பது."

தம்புராஜ் வாத்தியார் கண்ணை மூடிக் கணக்குப் போட்டார். "அதுல தோல்வி கிடைச்சுது. இதுல வெற்றி கிடைக்குது. எனக்கென்னவோ நியாயமாத்தான் படுது."

தங்கப்பழம் பொறுக்க முடியாமல் உண்மையைச் சொல்லிவிட்டார். "வராம இருக்கணும்னே இல்ல வே. லூர்து எங்கிட்ட நேர்ல சொன்னான். நம்ம சத்தம்தான் அவுங்களக் கெடுக்குது. போயி, வாயை மூடிக்கிட்டு உக்காந்தாப் போதும். ஆட்டத்தையும் பாக்கலாம், ஜெயிக்கவும் செய்வாங்க."

கடையில் எல்லாரும் ஒரே நேரத்தில் கோபப்பட்டார்கள்.

"காசு குடுத்துட்டு வாயை மூடிக்கிட்டு உக்காரவா?" என்றார் சுடலைமுத்து. "அது எனக்கு வீட்டுலயே கிடைக்குதே!"

இரண்டு நாளில் டிக்கெட் அத்தனையும் விற்றுத் தீர்ந்தது. காட்டில் எல்லார் நெஞ்சிலும் வில்லை. வில்லை இல்லாத தங்கப்பழத்திடம் கிழங்கு வாங்க வந்தவர்கள்கூட அவரைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். அடுத்த ஆட்டம் தோற்றால் பழி யார்மேல் விழும் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை.

அணி ஜெயித்துக்கொண்டே போய் இறுதி ஆட்டம் நெருங்கியதும் அவர் மறுபடியும் மூன்று பிரதி எழுதிக்கொடுத்து வரிசையில் நின்றார்.

"தாயி, நான் சத்தமே போட மாட்டேன். மூச்சு விடுற சத்தம்கூடக் கேக்காது. என்னைப் பாக்க மட்டும் விட்டுருங்க."

எழிலரசி அம்மையாரின் கண்கள் கலங்கின. "உங்களை மாதிரி ஒருத்தருக்காகத்தான் அண்ணாச்சி இந்தக் கல்லூரி நடக்குது," என்றார். கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு கணக்கும் போட்டுவிட்டார். "வர்றதுக்கு அறுபது. வராத மாதிரி இருக்கறதுக்கு எண்பது. நூத்து நாற்பது."

வீட்டில் அவ்வளவு கொட்டை இருந்தது. மழைக்கு முன்னால் பொந்தை அகலப்படுத்தச் சேர்த்துவைத்தது. இதை எப்படிக் கேட்பது என்று தங்கப்பழம் இரண்டு நாள் விழித்தார். மூன்றாம் நாள் முத்துக்கனியே பானையைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.

"போய்ப் பாத்துட்டு வாங்க. நீங்க வீட்டுல இருந்தா அகலப்படுத்தச் செவுரே மிஞ்சாது."

இறுதி ஆட்டம் அக்கரைக் கல்லூரியோடு. அவர்கள் ஐந்து பேரும் யானைகள். பந்தைக் கூடைக்கு எறியும் வழக்கம் அவர்களுக்கு இல்லை. கூடைக்குள் வைத்துவிட்டு வருவார்கள். ஆயிரம் இருக்கை கொண்ட மண்டபத்தில் தங்கப்பழம் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். தன் முள் ஒன்றைப் பிடுங்கிப் பல்லுக்கு நடுவில் கடித்துக்கொண்டார்.

அவர் இதுவரை பார்க்காத ஆட்டம் அது. குரங்கு பந்தைத் திருப்பிக் கொடுத்தது. மயில் தோகையைச் சுருட்டிவைத்துக்கொண்டு ஓடியது. முயல்கள் யானைக் கால்களுக்கு ஊடே புகுந்து புறப்பட்டன. யானைகளுக்குக் காலடியில் என்ன நடக்கிறது என்றே தெரியவில்லை. ஐம்பதுக்கு ஐம்பது. இன்னும் சில நொடிகள்தான் பாக்கி. பந்து லூர்துவிடம்.

இடது பக்கம் குரங்கு ஆளில்லாமல் நின்றது. தங்கப்பழத்துக்கு அது தெளிவாகத் தெரிந்தது. 'எடதுல' என்ற சொல் வயிற்றிலிருந்து கிளம்பித் தொண்டைக்கு வந்துவிட்டது. முள்ளைக் கடித்தார். முள் ஒடிந்தது. அந்த நேரம் பார்த்து லூர்து, பழக்கதோஷம், தலையைத் தூக்கி மூன்றாவது வரிசையைப் பார்த்தான்.

வாயை மூடியிருந்தார் சரி. கண்ணை என்ன செய்வது? இடது பக்கம் என்று கண்ணிலேயே எழுதியிருக்குமே. தங்கப்பழம் இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டார்.

இருட்டில் பந்து தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. பிறகு வலையில் 'சளக்' என்று ஒரு சத்தம். விசில் ஒலித்தது. கண்ணைத் திறந்தபோது லூர்து மல்லாந்து கிடந்தான். மற்ற நால்வரும் அவனைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

வெளியே வந்தால் காடே கொண்டாட்டமாக இருந்தது. மேடை போட்டாயிற்று. முன்வரிசையில் வராத சுடலைமுத்துவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பின்வரிசையில் வராதவர்களுக்கு எலுமிச்சம்பழம் கொடுத்தார்கள். தங்கப்பழம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடைக்குப் போனார். விலக்க வேண்டிய அவசியமே இல்லாமல் கூட்டம் தானாக விலகியது.

"நான் உள்ளே இருந்தேன் வே!" என்றார் மூச்சு வாங்க. "நான் உள்ளே இருக்கப்பதான் ஜெயிச்சாங்க!"

சுடலைமுத்து பொன்னாடையைச் சரிசெய்துகொண்டார். "பாத்துக்கிடுங்க மக்களே. இவரு ஒருத்தர் உள்ளே இருந்தும் ஜெயிச்சிருக்கோம்னா, வெளியே நாம எவ்வளவு பாடுபட்டு வராம இருந்திருக்கணும்!"

கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆயிற்று.

கூட்டத்தில் ஒருவருக்கு மட்டும் ஆட்டத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசை. தம்புராஜ் வாத்தியார் மரக்கிளையிலிருந்து இறங்கி வந்து காதோரமாகக் கேட்டார். "தங்கப்பழம், அந்தக் கடைசிக் கூடை எப்படி விழுந்துச்சு? எடதுலயா, வலதுலயா?"

"தெரியலை வாத்தியாரே," என்றார் தங்கப்பழம். "நான் கண்ணை மூடிக்கிட்டு இருந்தேன்."

பக்கத்தில் நின்றுகொண்டிருந்த எழிலரசி அம்மையாரின் காதில் அது விழுந்தது. பெரிய கண்கள் இன்னும் பெரிதாயின. கைப்பையைத் திறந்து ஒரு சின்னக் குறிப்பேட்டை எடுத்து, ஒரு வரி எழுதிக்கொண்டார்.

நீதி: ஒன்றின்மேல் உயிரையே வைத்திருக்கிறீர்கள் என்றால் வெளியே காட்டிக்கொள்ளாதீர்கள், விலை ஏறிவிடும்.