மூன்று மணிக்குப் படுத்துவிடும் சர்வர்

"அண்ணே, மறுபடியும் சுத்துது!"

பக்கத்து மேசைத் தங்கராஜுவின் குரல் கேட்டதும் ஸ்ரீகரன் கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்று. பினாங்குத் துறைமுகத்துக்கு எதிரே இருந்த அந்தச் சரக்குக் கம்பெனியில் பத்து நாளாக இதே கூத்துதான். மூன்று மணியானால் சர்வர் படுத்துவிடும். ஒரு சரக்குப் படிவத்தைத் திறக்க இருபது நிமிடம். வெளியே கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்க, ஓட்டுநர்கள் நாலு மொழியிலும் திட்டுவார்கள்.

அங்கே கம்ப்யூட்டர் பார்ப்பவர் ஸ்ரீகரன் ஒருவர்தான். வயது ஐம்பத்து நான்கு. முதலாளி யூசுப் திங்கட்கிழமையே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"போன மாசம் ஃபைல் காணாம போச்சு. இந்த மாசம் ஸ்லோ. வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலன்னா வெளியாள்கிட்ட கொடுத்துருவேன் லா. மனசுல வெச்சுக்காதீங்க."

மனசில் வைக்காமல் வேறு எங்கே வைப்பது? இந்த வயதில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைப் பக்கம் போய், இருபத்தைந்து வயதுப் பிள்ளைகளோடு இன்டர்வியூவுக்கு உட்காருவதை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

முதல் வேலையாக ஆபீஸ் நெட்டில் பாட்டையும் நாடகத்தையும் யாரும் பார்க்க முடியாமல் அடைத்தார். படிவம் பதியும் ருக்குமணி இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். சர்வர் அசைந்து கொடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை சர்வரை ஒருமுறை அணைத்து மறுபடி போட்டார்.

"ஐயோ, ஃபைல் எல்லாம் இருக்குமாண்ணே?" ஆளாளுக்குப் பதறினார்கள்.

"இருக்கும், இருக்கும்."

அன்று இருபது நிமிடம் நாற்பதானது.

புதன்கிழமை இடம் போதவில்லை என்று பெரிய டிஸ்க் ஒன்றை மாட்டினார். வியாழக்கிழமை அதிலும் பாதி நிறைந்திருந்தது. எது நிறைக்கிறது என்றுதான் தெரியவில்லை. கேபிளைச் சந்தேகப்பட்டார், வைரஸைச் சந்தேகப்பட்டார், ஏர்கானைக்கூடச் சந்தேகப்பட்டார். சர்வரில் இருந்த ஊழியர்களின் சொந்த ஃபோல்டர்களை மட்டும் திறக்கவில்லை. அடுத்தவர் அலமாரியைக் குடைவது அவர் வழக்கமில்லை. நல்ல மனிதர், அதனால்தான் இவ்வளவு தாமதம்.

வெள்ளிக்கிழமை வேறு வழியில்லாமல் ருக்குமணியிடம் போய் நின்றார்.

"உன் ஃபோல்டரை ஒரு தடவ பார்க்கட்டுமாம்மா?"

அவள் திருதிருவென்று விழித்தாள். திறந்தால், மொத்தக் கம்பெனி ஃபைலும் உள்ளே இருந்தது. ஒரு தடவையல்ல, பதினோரு தடவை. தங்கராஜுவின் ஃபோல்டரிலும் அதே கதை. அடுத்த மேசை ஷஃபீக்கின் ஃபோல்டரிலும் அதே.

"என்னம்மா இது?" ஸ்ரீகரன் திரையைச் சுட்டிக்காட்டினார்.

ருக்குமணி முதலாளியின் அறைக் கதவைப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"மூச்சு விட்டுராதீங்கண்ணே. இன்னொரு தடவ ஃபைல் காணாம போனா பாஸ் உங்கள நிறுத்திருவார்னு, மூணு மணி டீக்கு போறப்ப நாங்க பதினாலு பேரும் மொத்தத்தையும் காப்பி போட்டுட்டுத்தான் போறோம். அதுலயும் நீங்க சர்வர்ல கைய வெச்ச அன்னிக்கெல்லாம், பயந்துபோய் ஆளுக்கு ரெண்டு."